மூக்குத்தி, காப்புக் கயிறு, பள்ளிப்பை: தென்னாப்பிரிக்க அரசுப் பள்ளியில் பிள்ளையின் உரிமை எந்தக் காகிதத்தில் இருக்கிறது?

சேர்க்கைப் படிவத்தோடு ஒரு கட்டுக் காகிதம் வரும். சீருடைப் பட்டியல், கட்டண விவரம், அவற்றுக்கு நடுவே ‘கோட் ஆஃப் காண்டக்ட்’ (மாணவர் நடத்தை விதிகள்) என்று தலைப்பிட்ட சில பக்கங்கள். கடைசிப் பக்கத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்திலோ லெனேசியாவிலோ பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்கிற பலரும் அந்தக் கோட்டை மட்டும் தேடிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பெண்ணுக்கு மூக்குக் குத்திய மறுவாரமோ, காவடிக்குக் கட்டிய காப்புக் கயிற்றோடு பையன் வகுப்புக்குப் போன அன்றோ பள்ளியிலிருந்து போன் வரும்போதுதான் அந்தப் பக்கங்கள் எங்கே என்று தேடல் தொடங்கும்.

தென்னாப்பிரிக்கா தன்னைக் கூட்டாட்சி என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆனாலும் பள்ளிக்கல்வியில் அதிகாரம் மூன்று அடுக்காகக் கிடக்கிறது. அரசமைப்பின் 4-ஆம் அட்டவணை, பல்கலைக்கழகத்துக்குக் கீழ்ப்பட்ட கல்வியை தேசிய அரசும் மாகாணமும் பங்கிட்டுக்கொள்ளும் துறையாக வைத்திருக்கிறது. சட்டமும் கொள்கையும் மேலிருந்து வரும். அவற்றில் முக்கியமானது 1996-ஆம் ஆண்டின் 84-ஆம் எண் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம். பள்ளியை நடத்துவது மாகாணக் கல்வித் துறை. அதன் தலைவரைத்தான் எல்லோரும் எச்.ஓ.டி. என்கிறார்கள். அவருக்கு மேலே இருக்கும் மாகாண அமைச்சர் எம்.இ.சி. மூன்றாவது அடுக்கு உங்கள் தெருமுனையிலேயே இருக்கிறது: எஸ்.ஜி.பி. என்ற பள்ளி ஆளுகைக் குழு. கோட் ஆஃப் காண்டக்டை எழுதுவது இந்தக் குழு. தலைமையாசிரியரும் அதில் ஓர் உறுப்பினர்தான். பெற்றோர் உறுப்பினர்களின் எண்ணிக்கை, வாக்குள்ள மற்ற உறுப்பினர்களின் மொத்தத்தைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும் என்பது சட்டம்.

எங்கள் கணிப்பு இதுதான்: பிள்ளையின் உரிமை முதல் அடுக்கில் எழுதப்பட்டிருக்கிறது, அது கைக்கு வருவதும் கைநழுவுவதும் மூன்றாவது அடுக்கில், பெரும்பாலும் ஒரு கடிதத்தின் தேதியில். மேலேயிருந்து வரும் கொள்கை எல்லாமே நல்லது என்றும் எண்ண வேண்டாம். 1965-இல் இந்தியர் கல்விச் சட்டம் கொண்டுவந்து, தோட்டத் தொழிலாளர் வம்சம் காசு சேர்த்துக் கட்டிய நேட்டால் பள்ளிகளை மாகாணத்திடமிருந்து பிடுங்கி இந்தியர் விவகாரத் துறையின் கையில் கொடுத்ததும் ‘தேசியக் கொள்கை’தான். 1996-க்குப் பிறகு வந்த வித்தியாசம், அந்தக் கொள்கையையே நீதிமன்றத்தில் நிறுத்திக் கேள்வி கேட்க அரசமைப்பு இடம் தருகிறது என்பது.

அப்படிக் கேட்ட வழக்குகளில் நமக்கு மிக நெருக்கமானது, பிள்ளை என்ற குடும்பப் பெயருள்ள தாயார் ஒருவர் நடத்திய ‘பிள்ளை வழக்கு’. டர்பனில் ஒரு அரசுப் பெண்கள் பள்ளி. 2004 செப்டம்பர் விடுமுறையில் மாணவிக்கு மூக்குக் குத்தி, சின்னத் தங்க மூக்குத்தி போடுகிறார்கள். பள்ளி விதிப்படி காதில் ஒரு பொட்டுக் கம்மல் போடலாம், கைக்கடிகாரம் கட்டலாம்; அதற்கு மேல் நகை கூடாது. தாயார் எழுதிக் கொடுத்த விளக்கம் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் தெரிந்ததே: பெண் பெரியவளானதும் மூக்குக் குத்துவது வழக்கம், பதினாறு வயது நிறைந்ததும் பாட்டி அந்தத் தங்கத்தைக் கழற்றி வைரம் போடுவார், பெண் பொறுப்புள்ளவளாகிவிட்டாள் என்று குடும்பம் காட்டும் மரியாதை அது. பள்ளி ஏற்கவில்லை. சமத்துவ நீதிமன்றத்தில் பள்ளி வென்றது. உயர் நீதிமன்றத்தில் தாயார் வென்றார். 2007 அக்டோபர் 5-ஆம் தேதி அரசமைப்பு நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி பியுஸ் லங்கா பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். விலக்குத் தர மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று நீதிமன்றம் அறிவித்தது.

இந்தத் தீர்ப்பை ‘மூக்குத்தி போடலாம் என்று கோர்ட் சொல்லிவிட்டது’ என்று சுருக்கிச் சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது பாதிதான் சரி. நீதிமன்றம் சொன்னதில் நடைமுறைக்கு உதவும் செய்திகள் வேறு.

முதலாவது, மதம் கட்டாயப்படுத்தினால்தான் பாதுகாப்பு என்ற வாதம் செல்லவில்லை. மூக்குத்தி இந்து மதக் கடமை அல்ல, அது பண்பாடு, அவரவர் விருப்பம் என்று பள்ளித் தரப்பு வாதிட்டது. மனமார விரும்பிச் செய்யும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு, மதமும் பண்பாடும் பின்னிக் கிடக்கும்போது இரண்டுக்கும் சேர்த்தே உண்டு என்றது நீதிமன்றம். இரண்டாவது, ‘பள்ளி நேரத்தில் கழற்றி வைத்துவிட்டு வீட்டில் போட்டுக்கொள்ளட்டும்’ என்ற சமரசமும் உரிமையைப் பாதிப்பதுதான். மூன்றாவது, அந்த மாணவி இரண்டு ஆண்டுக்கு மேல் மூக்குத்தியோடு பள்ளிக்கு வந்தும் ஒழுங்கு கெட்டதற்கு எந்தச் சான்றும் இல்லை என்பதைத் தீர்ப்பு எடுத்துக் காட்டியது. சீருடையே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. விதி இருக்கலாம், விலக்குக் கேட்க ஒரு வழியும் அதில் இருக்க வேண்டும். தீர்ப்பு வரும்போது அந்தப் பெண் பள்ளியை விட்டே போய்விட்டாள். ஆகவே நீதிமன்றம் பள்ளிக்கு இட்ட கட்டளை மூக்குத்தியைப் பற்றியது அல்ல, விதிப்புத்தகத்தைப் பற்றியது: மாணவர், பெற்றோர், ஆசிரியரைக் கலந்து, மத, பண்பாட்டு விலக்குக்கான நடைமுறையை அதில் சேர்க்க வேண்டும்.

அன்று ஒரு பள்ளிக்கு இட்ட கட்டளை இன்று எல்லா அரசுப் பள்ளிக்கும் சட்டமாகிவிட்டது. 2024 செப்டம்பர் 13 அன்று ஜனாதிபதி ராமபோசா கையெழுத்திட்டு, அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்த பேலா சட்டம், அதாவது 2024-ஆம் ஆண்டின் 32-ஆம் எண் அடிப்படைக் கல்விச் சட்டங்கள் திருத்தச் சட்டம், பள்ளிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவைத் திருத்தியது. கோட் ஆஃப் காண்டக்ட் எழுதும்போது மாணவர்களின் பண்பாட்டு நம்பிக்கை, மத அனுசரிப்பு, மருத்துவ நிலை ஆகியவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். தக்க காரணம் காட்டினால் விலக்குக் கேட்கும் வழி அதிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். பேலா என்றாலே செய்திகளில் ஆஃப்ரிகான்ஸ் மொழிச் சண்டையும் வீட்டுக்கல்விச் சண்டையும்தான் அடிபட்டன. நம் வீட்டுக்கு அதிகம் பயன்படும் திருத்தம் சத்தமில்லாமல் உள்ளே போனது.

ஆகவே கோட் ஆஃப் காண்டக்ட் கைக்கு வந்ததும் முதலில் தேட வேண்டியது ‘எக்செம்ப்ஷன்’ (விலக்கு) என்ற சொல். இருந்தால் அதில் சொன்னபடி விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் அந்த விதிப்புத்தகமே சட்டத்துக்குப் பின்தங்கியது. அதையும் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று சற்று விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் காரியம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

எஸ்.ஜி.பி. தலைவருக்கு எழுதி, தலைமையாசிரியருக்கு நகல் காட்டுங்கள். வகுப்பாசிரியருக்கு வாட்ஸப்பில் அனுப்பியது கடிதம் ஆகாது. விலக்குத் தரும் அதிகாரம் அவருக்கு இல்லை, நல்ல மனதோடு ‘பரவாயில்லை’ என்று அவர் சொன்னாலும் அடுத்த ஆண்டு வேறு ஆசிரியர் வந்ததும் அந்த வார்த்தை காற்றோடு போகும். ஒரு பக்கம் போதும். முதல் பத்தியில் மாணவர் பெயர், வகுப்பு, எந்த விதி எண்ணிலிருந்து விலக்குக் கேட்கிறீர்கள் என்பது. ‘எங்கள் மதத்தை மதிக்க வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் குழுவுக்கு முடிவெடுக்க ஒன்றும் இருக்காது. இரண்டாம் பத்தியில் பொருளை அளந்து சொல்லுங்கள்: இடது மூக்கில், கல் இல்லாத, இரண்டு மில்லிமீட்டர் தங்கப் பொட்டு; அல்லது வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, காவடி முடியும் நாள்வரை. மூன்றாம் பத்தியில் குடும்ப வழக்கம்: யார் யார் செய்துவந்தார்கள், எந்தச் சடங்கோடு சேர்ந்தது, பிள்ளை தானே விரும்புகிறாளா. நான்காம் பத்தியில் பள்ளியின் கவலைக்கு முன்கூட்டியே பதில்: நெட்பால் ஆடும்போது தோல்நிற டேப் ஒட்டிக்கொள்வாள், ஆய்வகத்தில் கயிற்றைச் சட்டைக் கைக்குள் விட்டுக்கொள்வான். கடைசியில் பள்ளிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவையும் 2007 பிள்ளை தீர்ப்பையும் ஒரே வரியில் குறிப்பிட்டு, முடிவை எழுத்தில் தரும்படி கேளுங்கள். அலுவலகத்தில் இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

பூசாரியிடமோ கோவில் குழுவிடமோ ‘இது எங்கள் மதத்தில் கட்டாயம்’ என்று ஒரு சான்று வாங்கி இணைப்பது நம்மவர்கள் வழக்கம். அதைச் செய்யாதீர்கள் என்பதே எங்கள் ஆலோசனை. கட்டாயம் என்று எழுதிய நிமிடமே வாதம் மத நூலுக்குள் போய்விடும். பள்ளி வேறொரு பண்டிதரைக் கேட்கும். அவர் கட்டாயமில்லை என்பார். பிள்ளை வழக்கிலும் பள்ளி இந்து அறிஞர்களைக் கேட்டுவிட்டுத்தான் மறுத்தது. நீதிமன்றம் கட்டாயத்தைத் தேடவில்லை, உண்மையான பற்றைத்தான் பார்த்தது. வீட்டுச் சுவரில் தொங்கும் கொள்ளுப்பாட்டியின் மூக்குத்திப் படம் பூசாரியின் சான்றைவிடப் பலமான இணைப்பு.

இன்னொன்று, நேரம். டிசம்பர் விடுமுறையில் குத்திவிட்டால் பள்ளி திறப்பதற்குள் ஆறிவிடும் என்று நினைப்பது தப்புக் கணக்கு. மூக்குத் துளை முழுதாக ஆற மாதக்கணக்காகும். புதுத் துளையில் பொட்டைக் கழற்றினால் சீக்கிரமே தூர்ந்துவிடும். குத்துவதற்கு ஒரு பருவம் முன்பே கடிதம் போய்விட வேண்டும். முதலில் குத்திவிட்டுப் பிறகு கேட்டாலும் உரிமை போய்விடாது. ஆனால் பள்ளி அதை விதிமீறலாக எடுத்துக்கொண்டு, குற்றம் சாட்டப்பட்ட இடத்தில் பிள்ளையை நிறுத்தும்.

முடியைப் பற்றிய சண்டைகளும் இதே தடத்தில்தான் வந்தன. 2002-இல் கேப் உயர் நீதிமன்றம், ரஸ்தபாரி மத நம்பிக்கைப்படி சடைமுடியும் தொப்பியும் வைத்த பத்தாம் வகுப்பு மாணவியின் இடைநிறுத்தத்தை ரத்து செய்தது. 2016 ஆகஸ்டில் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப்பள்ளியில் கறுப்பின மாணவிகள் தங்கள் இயற்கை முடிக்காகப் போராடியபோது நாடே திரும்பிப் பார்த்தது. மொட்டை போட்ட பையனையோ நீள்முடி நேர்ந்துகொண்ட பையனையோ பள்ளி தடுத்தால், வாதம் அதே வாதம்.

விடுப்பு தனி விஷயம். தீபாவளி இங்கே பொது விடுமுறை அல்ல, தைப்பூசமும் அல்ல. தேசிய வருகைக் கொள்கை மத அனுசரிப்பை ஏற்கத்தக்க காரணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது, ஆகவே முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் போதும். தேர்வு நாளில் வந்தால், மாற்றுத் தேதி வேண்டும் என்று கால அட்டவணை வந்த வாரத்திலேயே கேட்க வேண்டும். மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழா புனித வெள்ளியில் நடப்பதற்குக் காரணமே விடுப்புதான்: கரும்புத் தோட்டத்தில் நம் முன்னோருக்குக் கிடைத்த லீவு அது. அம்மனையே முதலாளியின் நாள்காட்டிக்கு நகர்த்தியவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கு ஒரு நாள் விடுப்புக்கு எழுதித் தருவது பெரிய காரியமில்லை.

அசெம்ப்ளியில் பிரார்த்தனை. அரசமைப்பின் 15-ஆம் பிரிவும் பள்ளிகள் சட்டத்தின் 7-ஆம் பிரிவும் மூன்று நிபந்தனை வைக்கின்றன: உரிய விதிப்படி நடக்க வேண்டும், எல்லா மதத்துக்கும் நியாயமாக நடக்க வேண்டும், கலந்துகொள்வது தானாக விரும்பி இருக்க வேண்டும். காடர் அஸ்மல் கல்வி அமைச்சராக இருந்தபோது வந்த 2003-ஆம் ஆண்டு மதமும் கல்வியும் பற்றிய தேசியக் கொள்கை, மதங்களைப் பற்றிப் பாடமாகப் படிப்பதையும், ஒரு மதத்தில் நம்பிக்கை வளர்க்கப் போதிப்பதையும், வழிபாட்டையும் தனித்தனியே பிரித்துவைத்தது. முதலாவது பாடத்திட்டத்தில் உண்டு. இரண்டாவதுக்குப் பள்ளி நேரத்தில் இடமில்லை. ‘லைஃப் ஓரியண்டேஷன்’ வகுப்பில் இயேசுவைப் பற்றிப் படிப்பதற்கு எதிர்ப்புத் தெரிவித்துப் போகும் பெற்றோர் தோற்றுத் திரும்புவது இதனால்தான், அது பாடம். அதே வகுப்பில் ஆசிரியர் கண்ணை மூடிப் பிரார்த்திக்கச் சொன்னால் எதிர்க்கலாம்.

பிரார்த்தனை வேண்டாம் என்ற பிள்ளையை நடைபாதையில் தனியே நிறுத்திவைத்தால், ‘தானாக விரும்பி’ என்பது பேருக்குத்தான். அந்த நேரத்தில் பிள்ளை எங்கே இருப்பாள், யார் பார்த்துக்கொள்வார் என்று எழுத்தில் கேளுங்கள்.

இதில் நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2017 ஜூனில் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் ராண்ட்ஹார்ட் வழக்கில், ஓர் அரசுப் பள்ளி தன்னை ஒரே மதத்தைச் சேர்ந்த பள்ளி என்று காட்டிக்கொள்வது சட்டத்துக்கு முரண் என்று அறிவித்தது. அந்த வழக்கில் இருந்தவை கிறிஸ்தவ மரபைப் பற்றிக்கொண்ட பள்ளிகள். ஆனால் தமிழ்ப் பிள்ளைகள் நிறைந்த ஃபீனிக்ஸ் பள்ளியில் தினமும் நம் பாட்டு மட்டும் பாடி, ஜூலுப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் கைகட்டி நின்றால், அதே சட்டம் நம்மீதும் பாயும். பாய வேண்டும்.

இனி பள்ளிப்பை. பள்ளிகள் சட்டத்தில் 2007-இல் சேர்த்த 8ஏ பிரிவு தலைமையாசிரியருக்குச் சோதனை போடும் அதிகாரம் தருகிறது. தேடலாம், ஆனால் ஆபத்தான பொருள், சட்டவிரோத போதைப்பொருள் என்று சட்டம் பெயர் சொல்லும் பொருள்களை மட்டும்; அதுவும் நியாயமான சந்தேகம் எழுந்த பிறகு. உடலைத் தடவிச் சோதிப்பதென்றால் தேடுபவர் அதே பாலினம், இன்னொரு வயதுவந்த சாட்சியும் அதே பாலினம், வேறு மாணவர் கண்ணில் படாத தனியிடம். உடல் துவாரங்களைச் சோதிக்கவே கூடாது. கிடைத்த பொருளில் ஒட்டும் சீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்றுகூடச் சட்டம் சொல்கிறது: யாரிடம் கிடைத்தது, சோதனை நடந்த தேதி, நேரம், சம்பவ எண், தேடியவர் பெயர், சாட்சியின் பெயர். இது பள்ளிப் பதிவேட்டில் ஏற வேண்டும். பொருள் உடனே போலீஸ் கைக்குப் போக வேண்டும். மேசை டிராயரில் ஒரு வாரம் கிடந்த பொட்டலம் யாருடையது என்று பிறகு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் இவ்வளவு கெடுபிடி. சிறுநீர்ச் சோதனைக்கு அரசிதழில் அமைச்சர் பட்டியலிட்ட கருவிதான் பயன்பட வேண்டும். ஒரு வேலை நாளுக்குள் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். சோதனையில் தேறாத பிள்ளைமீது பள்ளி குற்றவியல் வழக்குத் தொடுக்க முடியாது. பள்ளிக்குள் ஒழுங்கு நடவடிக்கை மட்டும் எடுக்கலாம்.

போன்? 8ஏ பிரிவில் அதற்கு இடமில்லை. வகுப்பில் போன் வைத்திருந்ததற்காக விதிப்படி பிடுங்கிவைக்கலாம், ஆனால் கடவுச்சொல் கேட்டு வாட்ஸப்பை வாசிப்பதற்கு இந்தப் பிரிவு துணை வராது; அரசமைப்பின் 14-ஆம் பிரிவு தகவல்தொடர்பின் அந்தரங்கத்தைத் தனியாகவே காக்கிறது. பிள்ளைகளிடம் இரண்டு வரி சொல்லிவையுங்கள்: பையைத் திறக்கச் சொன்னால் மல்லுக்கட்டாதே, யார் சாட்சி என்று மட்டும் மரியாதையாகக் கேள், போனைத் திறக்கச் சொன்னால் ‘அம்மாவைக் கூப்பிடுங்கள், டீச்சர்’ என்று சொல்.

இடைநிறுத்தத்தில் எண்ணிக்கைதான் எல்லாம். பள்ளிகள் சட்டத்தின் 9-ஆம் பிரிவை நாள்வாரியாக வாசிக்க வேண்டும். பெரிய குற்றம் செய்ததாகச் சந்தேகம் என்றால் எஸ்.ஜி.பி. முன்னெச்சரிக்கையாக இடைநிறுத்தலாம், அதற்கு முன் பிள்ளை தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தந்திருக்க வேண்டும். ஒழுங்கு விசாரணை 7 பள்ளி நாளுக்குள் நடக்க வேண்டும். நடக்கவில்லையென்றால் இடைநிறுத்தத்தை நீட்டிக்க எச்.ஓ.டி. ஒப்புதல் வேண்டும். விசாரணையில் குற்றம் உறுதியானால் தண்டனையாகத் தரும் இடைநிறுத்தம் 7 பள்ளி நாளுக்கு மேல் போகக் கூடாது. பள்ளியை விட்டே நீக்க வேண்டுமென்றால் எஸ்.ஜி.பி. பரிந்துரைக்கத்தான் முடியும், நீக்குவது எச்.ஓ.டி. மட்டும், அதுவும் பரிந்துரை கிடைத்த 14 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நீக்கினால் எம்.இ.சி.யிடம் 14 நாளுக்குள் மேல்முறையீடு. கட்டாயக் கல்வி வயதுப் பிள்ளை என்றால் வேறு அரசுப் பள்ளியில் இடம் பார்த்துத் தருவதும் எச்.ஓ.டி. பொறுப்பு.

இத்தனை நாள் கணக்கும் ஒரு வாக்கியத்தில் உடைந்துபோகும்: ‘வழக்காகப் போனால் ரிக்கார்டில் ஏறிவிடும், நீங்களே டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கொண்டால் நல்லது.’ மானத்துக்குப் பயந்து பெற்றோர் அன்றே கையெழுத்துப் போடுவார்கள். போட்ட நிமிடம் அது நீக்கம் அல்ல, நீங்களாக விலகியது. விசாரணை இல்லை, மேல்முறையீடு இல்லை, இடம் தேடித்தரும் கடமையும் இல்லை. ஆண்டு நடுவில் எந்தப் பள்ளியிலும் இடமில்லாமல் பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கும். அப்படி ஒரு காகிதம் நீட்டப்பட்டால், ‘வீட்டில் பேசிவிட்டு நாளை சொல்கிறோம்’ என்று வாங்கிக்கொண்டு வாருங்கள்.

விசாரணைக்குப் பிள்ளையைத் தனியே அனுப்பவே கூடாது. பெற்றோரோ பெற்றோர் நியமிக்கும் ஒருவரோ உடன் இருக்க வேண்டும் என்பது 8-ஆம் பிரிவு. இங்கிலீஷில் தடுமாறும் புதிதாக வந்த குடும்பம் என்றால் மாமாவையோ பக்கத்து வீட்டு அக்காவையோ எழுத்தில் நியமித்து அனுப்பலாம். குற்றச்சாட்டை எழுத்தில் முன்கூட்டியே கேளுங்கள். பள்ளியிடம் உள்ள பதிவுகளையும் கேளுங்கள்: ஒருவர் தன் உரிமையைக் காக்கத் தேவையான தகவலைப் பள்ளி பார்வைக்குத் தர வேண்டும் என்கிறது 59-ஆம் பிரிவு.

அடி. 10-ஆம் பிரிவு 1996-லேயே தடை செய்துவிட்டது. மத நம்பிக்கையின் பேரில் அடிக்க விலக்கு வேண்டும் என்று 196 சுயநிதிக் கிறிஸ்தவப் பள்ளிகளின் சங்கம் கேட்டு, 2000 ஆகஸ்டில் அரசமைப்பு நீதிமன்றத்தில் தோற்றது. பேலா திருத்தம் விளக்கத்தை இன்னும் விரித்திருக்கிறது: கிள்ளுவது, காதைத் திருகுவது போன்றவை மட்டுமல்ல, முட்டி போடவைப்பது மாதிரி வலிக்கும் நிலையில் நிறுத்துவதும், கழிப்பறைக்குப் போக விடாததும் அதில் அடங்கும். ‘நாலு போடு போட்டால்தான் படிப்பான், டீச்சர்’ என்று நம்மவர்களே அனுமதி கொடுப்பதுண்டு. அந்த அனுமதி செல்லாது. பெற்றோர் தர முடியாத ஒன்று அது. அடித்த ஆசிரியர்மீது மாவட்ட அலுவலகத்திலும், சேஸ் என்ற ஆசிரியர் மன்றத்திலும், தாக்குதல் என்று போலீஸிலும் புகார் தரலாம். ஒன்று மற்றதைத் தடுக்காது. காயம் இருந்தால் அன்றே கிளினிக்கில் காட்டி எழுதி வாங்குங்கள். வீங்கிய கை மூன்று நாளில் வற்றிவிடும்.

காசும் காகிதமும் இல்லாத பிள்ளைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. கட்டணம் பாக்கி என்று ரிப்போர்ட்டைப் பிடித்துவைப்பதும், விளையாட்டில் சேர்க்காததும், மாற்றுச் சான்றிதழ் தராததும் 41-ஆம் பிரிவுப்படி தடை. கட்டணம் பெற்றோரின் கூட்டு மொத்த ஆண்டு வருமானத்தில் 10 விழுக்காட்டைத் தொட்டால் முழு விலக்கு. விண்ணப்பிக்க வேண்டியது நீங்கள். பிறப்புச் சான்றோ பெர்மிட்டோ கையில் இல்லை என்று பிள்ளையைத் திருப்பியனுப்புவதும் செல்லாது: 2019 டிசம்பரில் மக்காண்டா உயர் நீதிமன்றம், சேர்க்கைக் கொள்கையில் அப்படிச் சொன்ன வரிகளை அரசமைப்புக்கு முரண் என்று தள்ளியது.

தமிழ்ப் பாடம் வேண்டும் என்பவர்கள் அரசமைப்பின் 6-ஆம் பிரிவைக் காட்டுவார்கள். அதில் தமிழின் பெயர் இருக்கிறது, தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருதுவோடு. ஆனால் அந்த வரி மொழி வாரியத்துக்கு இட்ட கடமை. பள்ளியில் வகுப்புத் திறக்கச் சொல்லும் கட்டளை அல்ல. ஒரு வகுப்பு நிலையில் 40 மாணவர் (மேல் வகுப்புகளில் 35) கேட்டால் அந்த மொழியில் கற்பிக்க வேண்டும் என்ற 1997 மொழிக் கொள்கையின் கணக்கும் பயிற்றுமொழியைப் பற்றியது, பாடத்தைப் பற்றியது அல்ல. இதில் சட்டத்தைவிட ஆள்பலமும், ஓர் ஆசிரியரும், கால அட்டவணையில் ஓர் இடமும்தான் வேலை செய்யும்.

எஸ்.ஜி.பி. மறுத்துவிட்டது, எச்.ஓ.டி.யும் கேட்கவில்லை என்றால், பிள்ளை குடும்பம் போன வழியே போகலாம்: 2000-ஆம் ஆண்டின் 4-ஆம் எண் சமத்துவச் சட்டத்தின்கீழ் சமத்துவ நீதிமன்றம். பல மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றங்களிலேயே இது இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. படிவம் 2-ஐ நிரப்ப எழுத்தரே உதவ வேண்டும். பாகுபாடு நடந்ததற்கு முகாந்திரம் காட்டினால் போதும், பிறகு அது நியாயம்தான் என்று நிரூபிக்கும் சுமை பள்ளியின் தலையில். மனித உரிமை ஆணையத்துக்கும் இலவசமாக எழுதலாம். இரண்டு இடத்திலும் முதலில் கேட்கப்போவது ஒன்றுதான்: பள்ளிக்கு எப்போது எழுதினீர்கள், என்ன பதில் வந்தது? முத்திரை விழுந்த அந்தப் பிரதியைப் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் உறையிலேயே வையுங்கள்.